ஆர்டர் எடுத்த பிறகு பொருளை மாற்றினால், எப்போது சொல்லியிருக்க வேண்டும்?

நீலக்கருமை

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளாகக் கடைசல் இயந்திரம் வைத்து மைப்பேனா செய்யும் ஒருவரிடம் முன்பதிவு செய்திருந்தேன். முழுப் பணமும் முன்னாலேயே கட்டியாகிவிட்டது. விற்பனைப் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்: எபோனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பர்) உடல், அழுத்தினால் விரிகிற நிப்பு, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவருகிற கட்டையும் எபோனைட். நான் வாங்கியதே அந்த மூன்றாவதுக்காகத்தான். விரிகிற நிப்பு மையை நிறையக் கேட்கும். எபோனைட் கட்டையில் மை நன்றாகப் பிடித்து நிற்கும். நிப்போடு ஒட்டி உட்காரவில்லை என்றால் கொதிநீரில் காட்டி லேசாக வளைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கட்டையிடம் அந்த வேலை அவ்வளவு எளிதில் நடக்காது.

பல மாதம் கழித்துப் பேனா வந்தது. உடலில் ஒரு குறை சொல்ல முடியாது. நிப்பைக் கழற்றினால் கட்டை பளபளவென்று இருக்கிறது, பக்கவாட்டில் அச்சில் வார்த்த கோடு ஓடுகிறது. எபோனைட் என்றால் அறுத்த தடம் தெரியும், மங்கலாக இருக்கும், விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். இதில் எதுவும் இல்லை. சாதாரணமாக எழுதினால் ஒழுங்காகவே எழுதுகிறது. அழுத்தி ஒரு கோட்டைக் கீழே இழுத்தால்தான் தெரிகிறது: பாதி தூரத்தில் மை போதாமல் கோடு இரண்டு மெல்லிய கோடாகப் பிரிந்து நடுவில் வெள்ளைத் தாள் தெரிகிறது.

கேட்டு எழுதினேன். "எபோனைட் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இப்போது போட்டிருப்பது இன்னும் நல்லது, எல்லாப் பேனாவிலும் ஒரே சீராக வேலை செய்யும். வேறு யாரும் குறை சொல்லவில்லை" என்று பதில் வந்தது. கிடைக்காது என்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்று மறுபடி கேட்டேன். நான் பணம் கட்டிய அடுத்த மாதமே தெரியுமாம். அதற்குப் பிறகு எனக்கு அவர் பல கடிதம் அனுப்பியிருக்கிறார். கடைகிற படம், மெருகேற்றுகிற படம், பெட்டி தயாராகிவிட்டது என்ற செய்தி. எல்லாவற்றையும் திரும்பப் படித்துப் பார்த்தேன், கட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

நேர்கோடு

நண்பரே, வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். தனி ஆள், பட்டறை வெச்சு நடத்தறார். சப்ளையர் நிறுத்திட்டா அவர் என்ன பண்ணுவார்? கிடைச்சதுல நல்லதாப் பாத்துப் போட்டிருக்கார். ஒவ்வொண்ணையும் நூறு பேர்கிட்ட கேட்டுக் கேட்டு செஞ்சா ஒரு பேனாவும் வெளிய வராது. செய்யறவருக்கு அவர் தொழில் தெரியும், அந்த நம்பிக்கைலதானே காசு கட்டறோம்?

பாதசாரி

தெரிந்தும் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. நேரமில்லை என்று சொல்லவும் முடியாது, கடிதம்தான் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாரே.

கொள்முதல்காரன்

மின்னணுப் பலகை செய்யும் இடத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு எங்கள் துறையில் விடை எழுதியே வைத்திருக்கிறார்கள்.

சிப்போ மின்தேக்கியோ இணைப்பானோ, பொருளிலோ அதைச் செய்யும் முறையிலோ முக்கியமான மாற்றம் வந்தால் விற்பவர் எங்களுக்கு மாற்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். பிசிஎன் என்போம். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் ஜே-எஸ்டிடி-046 என்ற தரநிலை இதற்கென்றே இருக்கிறது. மாற்றிய சரக்கு கிளம்புவதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால் அறிவிப்பு வந்துவிட வேண்டும். கிடைத்தது என்று 30 நாளுக்குள் நாங்கள் பதில் போட வேண்டும், போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. எந்தப் பாக எண், என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, பழையதையும் புதியதையும் எப்படிப் பிரித்தறிவது, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். வாகனத்துக்குப் போகிற சிப் என்றால் இன்னும் கறார். ஏஇசி-கியூ100 தரநிலையில் எந்த மாற்றத்துக்கு எந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அட்டவணையே உண்டு.

சிப்பின் மேல் உறையாக வார்க்கும் பிசின் மாறுகிறது என்று ஒருமுறை தாள் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மின்சார ரீதியாகவும் எதுவும் மாறவில்லை. ஆனால் எங்கள் பலகை ஈரப்பதம் அதிகமான இடத்தில் வேலை செய்வது. அது அந்தச் சிப் செய்கிறவருக்குத் தெரிய வழியில்லை. புதிய சரக்கில் சிலவற்றை எங்கள் பொறியாளர் வாங்கிச் சோதித்துப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை பழைய சரக்கை வாங்கி இருப்பில் வைத்துக்கொண்டோம். அறிவிப்பு வந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

நேர்கோடு சொல்வதில் எனக்கு ஒத்துவராத இடம் இதுதான். "இன்னும் நல்லது" என்று செய்கிறவர் சொல்லலாம். வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பது வாங்குகிறவருக்குத்தான் தெரியும். சாதாரணமாக எழுதுகிறவருக்கு அந்த பிளாஸ்டிக் கட்டை நிஜமாகவே நல்லதாக இருக்கலாம். அழுத்தி எழுதுகிறவருக்கு இல்லை.

வட்டுச்சுழல்

கொள்முதல்காரன் சார் சொன்னது நிறுவனத்துக்கு நிறுவனம் விற்கும்போது. கடையில் ஒன்று வாங்குகிறவனுக்கு அந்தத் தாள் வருவதில்லை. என் வேலை சர்வர், சேமிப்பு, அதனால் எனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை வன்வட்டுகள் நாஸ் பெட்டிகளுக்கென்றே, அதாவது வீட்டிலோ அலுவலகத்திலோ வலையமைப்பில் இணைத்துப் பலர் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே, விற்கப்பட்டவை. நாலைந்து வட்டு சேர்த்துப் போடுவோம், ஒன்று செத்தால் புதிதாக ஒன்றைச் சொருகி மீட்டெடுப்போம். அதற்குத்தான் அந்தப் பெயர். 2020 ஏப்ரலில் பிளாக்ஸ் அண்ட் ஃபைல்ஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளியில் கொண்டுவந்த விஷயம்: 2 முதல் 6 டெராபைட் வரையிலான ரெட் வட்டுகளில் உள்ளே எழுதும் முறையை மாற்றியிருந்தார்கள். பழையது சிஎம்ஆர், தடங்கள் தனித்தனியாக இருக்கும். புதியது எஸ்எம்ஆர், கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். நடுவில் ஒரு இடத்தில் திருத்தி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். தினசரிப் பயன்பாட்டில் அது வெளியே தெரியாது. வட்டு செத்து மீட்டெடுக்கும்போது, மணிக்கணக்காகத் தொடர்ந்து எழுதும்போது, அப்போதுதான் திணறும். பல வட்டுகளை ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருந்தவர்களுக்குப் புது வட்டு தொகுப்பில் சேராமல் பிழை காட்டி வெளியே விழுந்தது. வட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றி வாங்கினார்கள், வந்ததும் அதே ரகம்.

பெட்டியில் பெயர் அதே ரெட். மாதிரி எண்ணின் கடைசியில் இஎஃப்ஆர்எக்ஸ் என்றிருந்தது இஎஃப்ஏஎக்ஸ் ஆகியிருந்தது, அவ்வளவுதான். விவரத்தாளில் எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சீகேட், தோஷிபா இரண்டும் தங்கள் சில வட்டுகளிலும் சொல்லாமல் எஸ்எம்ஆர் இருப்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டன. வெஸ்டர்ன் டிஜிட்டல் பட்டியல் வெளியிட்டது, பிறகு சிஎம்ஆர் வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெயரை முதலிலேயே பிரித்திருந்தால் எஸ்எம்ஆரை யாரும் திட்டியிருக்க மாட்டோம். காப்புப்பிரதி எடுத்து வைக்க அது போதும், நானே அதற்கு வாங்குவேன்.

சுழலும் வட்டு இல்லாமல் நினைவகச் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இன்னும் மோசம். கிங்ஸ்டன் வி300 நல்ல மதிப்புரை வாங்கிய பிறகு உள்ளே வேகம் குறைந்த நினைவகச் சில்லு வந்திருந்தது 2014இல் பரவலாகத் தெரிந்தது. 2021இல் குரூஷியல் பி2 டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) சில்லிலிருந்து எழுதும் வேகம் குறைந்த கியூஎல்சிக்கு (நான்கு பிட்) போனது, பெயர் மாறவில்லை. அதே வருடம் வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்550. இடைநினைவு நிரம்பிய பிறகு எழுதும் வேகம் நொடிக்கு 610 எம்பியிலிருந்து 390க்கு வந்துவிட்டதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான், வெளியிட்ட விவரங்களைப் பாதிக்கிற மாற்றம் எதுவானாலும் இனிப் புது மாதிரி எண் கொடுப்போம் என்றார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாம்சங்கும் 2021இல் 970 ஈவோ பிளஸில் கட்டுப்படுத்தும் சில்லையே மாற்றியது. ஒரு விதத்தில் மேம்பட்டது, இன்னொரு விதத்தில் வேகம் குறைந்தது. ஆனால் பெட்டியையும் பாக எண்ணையும் மாற்றினார்கள், விவரத்தாளையும் புதுப்பித்தார்கள். ஊர் கூட்டிச் சொல்லவில்லை என்றாலும் தேடுகிறவனுக்குக் கிடைத்தது.

நேர்கோடு

@வட்டுச்சுழல் பெரிய கம்பெனி கதை வேற. அவங்க லாபத்துக்குப் பண்றாங்க. இவர் வேற வழியில்லாமப் பண்ணினவர். ரெண்டையும் ஒரே தராசுல வெக்கறது சரியில்ல.

மாத்திரைப்பெட்டி

லாபத்துக்காக இல்லாமல், நல்லதற்கென்றே செய்த மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். நான் மருந்தாளுநர், இதை எங்கள் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டோம்.

பிரான்ஸில் தைராய்டு குறைபாட்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் லெவோதைராக்ஸ் என்ற மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார்கள். மருந்து லெவோதைராக்சின், தயாரிப்பாளர் மெர்க். அந்தச் சரக்கு அலமாரியில் இருக்க இருக்க வீரியம் குறையும். அதைச் சரிசெய்யச் சொல்லி 2012இல் கேட்டதே அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புதான். மெர்க் மருந்தைத் தொடவில்லை. கூடச் சேர்க்கும் துணைப்பொருளில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிடாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. 2017 மார்ச்சில் புதிய மாத்திரை கடைக்கு வந்தது.

நோயாளிக்கு என்ன தெரிந்தது? பெயர் அதே, வீரியம் அதே, டாக்டர் எழுதிய சீட்டும் அதே. சில வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் களைப்பு, தலைவலி, முடி உதிர்வு, தூக்கமின்மை என்று வந்து நின்றார்கள். லெவோதைராக்சின் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ உடம்பு காட்டிக்கொடுக்கும் ரகம், அதனால் மாற்றும்போது அளவைச் சரிபார்ப்பது வழக்கம். மாறியது தெரியாதவர் எதைச் சரிபார்க்கச் சொல்வார்? தனக்கு வேறு ஏதோ நோய் வந்துவிட்டது என்று அலைந்தவர்கள் உண்டு.

2020 ஜூனில் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 3,300க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மெர்க் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2022 மார்ச்சில் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பின் அடிப்படையைக் கவனியுங்கள். புதிய மாத்திரை கெட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மாறியதைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை, அதனால் இவர்கள் மன உளைச்சலுக்கு ஆளானார்கள் என்பதற்காகத்தான் இழப்பீடு.

அதனால் நேர்கோடு அவர்களே, நோக்கம் நல்லதா கெட்டதா என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி. நல்ல நோக்கமாக இருந்தால் சொல்வதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் நினைப்பேன்.

பாதசாரி

இதைப் படித்ததே இல்லை. நன்றி மாத்திரைப்பெட்டி.

தோல்பை_பட்டறை

செய்கிற பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் இல்லையா. கையால் தோல்பை செய்து விற்கிறேன், எல்லாமே முன்பதிவு.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. முன்பணம் வந்த வாரமே தோலுக்கும் நூலுக்கும் போய்விடும். கையில் காசாக இருக்காது. ஒரு பொருள் கிடைக்காது என்று தெரிந்ததும் மனதில் ஓடுகிற கணக்கு ஒன்றுதான்: எழுதிக் கேட்டால் பத்தில் மூன்று பேர் பணத்தைத் திரும்பக் கேட்டால் எங்கே போவேன்? மாற்றுச் சரக்கு கொடுப்பவரும் ஐந்து பத்து என்று தரமாட்டார், மொத்தமாக எடு என்பார். அதற்கும் காசு வேண்டும். அந்த இடத்தில் நிற்கிறவருக்கு "கிட்டத்தட்ட ஒன்றுதானே, கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்ற எண்ணம் வருவது அயோக்கியத்தனத்தால் அல்ல, பயத்தால். பேனா செய்கிறவர் மெருகேற்றுகிற படமாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்று படித்தபோது எனக்கு அந்தப் பயம்தான் தெரிந்தது.

ஆனால் பயம் காரணமாகுமே தவிர நியாயமாகாது. அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. தெரிந்த நாளிலேயே சொன்னால் வாங்குகிறவர் கையில் மூன்று வழி இருக்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான், சண்டை. நடுவில் போன அந்த மாதங்கள் அவருடையவை, நாம் எடுத்துக்கொண்டோம்.

என் பட்டறையில் வைத்திருக்கும் வழக்கம்: மாற்றம் தெரிந்தால் முதலில் கத்தியைக் கீழே வை, பிறகு கடிதம் எழுது. போன தடவை பித்தளைக் கொக்கி வரவில்லை. எழுதியது இதுதான், அப்படியே ஒட்டுகிறேன்:

"வணக்கம். உங்கள் பைக்குச் சொல்லியிருந்த பித்தளைக் கொக்கி இந்த முறை கிடைக்கவில்லை. கையில் இருப்பது துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளை நிறம் ஏற்றியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். நாள்பட இதன் மேல்பூச்சு உரியும், பித்தளை உரியாது. படம் இணைத்திருக்கிறேன், இடப்பக்கம் இருப்பது நீங்கள் ஆர்டர் செய்தது. இதையே போட்டுக்கொள்ளலாம், விலையில் கழித்துவிடுகிறேன். பித்தளை வரும்வரை காத்திருக்கலாம், தேதி என்னால் உறுதி சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் பணம் முழுதும் திரும்ப வரும். உங்கள் பதில் வரும்வரை தோலை வெட்டமாட்டேன்."

பெரும்பாலோர் காத்திருக்கிறோம் என்றார்கள். ஓரிருவர் பணம் வாங்கிக்கொண்டார்கள், அதில் ஒருவர் பிறகு வேறு பை ஆர்டர் கொடுத்தார். கடிதத்தில் நான் ரொம்ப யோசித்து வைத்த வரி "மேல்பூச்சு உரியும்" என்பதுதான். மாற்றத்தைச் சொல்லிவிட்டு அதனால் வருகிற குறையைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

நாலுசக்கரம்

2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கார்க்காரர்கள் நடந்துகொண்ட விதம் இதற்கு நல்ல பாடம். பிஎம்டபிள்யூ சில மாடல்களில் தொடுதிரை வசதியை எடுத்துவிட்டு, வாங்குகிறவர்களுக்குச் சொல்லி விலையில் ஒரு தொகை கழித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சூடாகும் இருக்கை இல்லாமல் வண்டி கொடுத்தபோது விலையைக் குறைத்தது. டெஸ்லா அதே வருடம் மே மாதம் வட அமெரிக்க மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளில் ரேடாரை நிறுத்தியது. முன்பே ஆர்டர் கொடுத்தவர்களுக்கு வண்டி கைக்கு வருமுன் கணக்கில் அறிவிப்பு வரும் என்றது. முடிவு பிடிக்காதவர்கள் நிறைய, ஆனால் தெரிந்தது.

அதே நிறுவனம் ஷாங்காய் ஆலை வண்டிகள் சிலவற்றில் ஸ்டியரிங்கில் இருக்கும் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் ஒன்றை எடுத்துவிட்டதாகவும், வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்றும் 2022 பிப்ரவரியில் சிஎன்பிசி செய்தி வெளியிட்டது. ரேடாரைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் விவரத்தில் இருந்தது. இது வண்டியைப் பிரித்தால்தான் தெரியும். சொல்வதும் சொல்லாததும் அங்கேதான் பிரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

வரிக்குவரி

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை, சுருக்கமாக:

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் குறித்த உத்தரவின் (93/13) இணைப்பில், தகுந்த காரணம் இல்லாமல் பொருளின் தன்மையை விற்பவர் தன்னிச்சையாக மாற்றலாம் என்கிற வகை விதி நியாயமற்றதாகக் கருதப்படக்கூடியவற்றின் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் 11ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. பொருளின் முக்கியத் தன்மை பற்றி விற்பவர் கொடுத்த தகவல் ஒப்பந்தத்தின் பகுதி, பின்னால் அதை மாற்றினால் வாங்குபவர் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் செல்லும். பதில் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. கொள்முதல்காரன் சொன்ன 30 நாள் கணக்குக்கு இது நேர் எதிர், ஏனென்றால் அங்கே இரு பக்கமும் தொழில் தெரிந்தவர்கள்.

வாங்கிய பிறகு மென்பொருள் வழியாக மாற்றுவது தனிக் கதை. 2010 ஏப்ரல் 1 அன்று சோனி பிளேஸ்டேஷன் 3க்கு 3.21 பதிப்பை அனுப்பி, லினக்ஸ் இயங்குதளம் போடுகிற வசதியை எடுத்தது. புதுப்பிக்காவிட்டால் இணைய விளையாட்டு இல்லை, புதுப்பித்தால் லினக்ஸ் இல்லை. இப்போது ஐரோப்பாவில் 2019/770 உத்தரவின்படி, டிஜிட்டல் சேவையில் பயனரைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கும் மாற்றம் செய்தால் அவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

நேர்கோடு

எல்லாரும் சொல்றதைப் படிச்சேன். தோல்பை அண்ணன் எழுதினது மனசுல நின்னுச்சு. சொல்லியிருக்கணும்ங்கறதுல இப்ப எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா கோடு எங்க போடறதுன்னு யாரும் சொல்லல. ஸ்க்ரூ மாத்தினா சொல்லணுமா? பசை மாத்தினா? எல்லாத்துக்கும் கடிதம் போட்டா வாங்கறவங்களே படிக்க மாட்டாங்க, முக்கியமானதும் அதுல காணாமப் போயிடும்.

தோல்பை_பட்டறை

தம்பி, சரியான கேள்வி. விற்பனைப் பக்கத்தில் எதைச் சொல்லி விற்றேனோ அது மாறினால் கட்டாயம் சொல்வேன். பித்தளைக் கொக்கி என்று நான்தான் எழுதினேன், அப்படியென்றால் அது முக்கியம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பக்கத்தில் இல்லாத விஷயமென்றால் இரண்டு பார்ப்பேன்: வாங்குகிறவர் பின்னால் பழுது பார்க்கவோ உதிரி வாங்கவோ போனால் அவருக்கு இது இடிக்குமா? தோலில் படுகிற, ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய பொருளா? பசையை மாற்றினால் இரண்டாவதுக்காகச் சொல்வேன். உள்ளே மடிப்புக்குள் போகிற நூலின் நிறத்துக்குச் சொல்ல மாட்டேன்.

கொள்முதல்காரன்

எங்களிடமும் எல்லா மாற்றத்துக்கும் தாள் வராது. அளவு, பொருந்துவது, செய்யும் வேலை, தரம், ஆயுள் இவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் வரும். தோல்பைக்காரர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

வட்டுச்சுழல்

ஒன்று கூட்ட வேண்டும். "மதிப்புரையில் பாராட்டப்பட்டது எதுவோ அதுவும்". செய்கிறவர் எழுதாவிட்டாலும், மற்றவர்கள் அதைப் படித்துத்தான் வாங்குகிறார்கள். பி2வில் டிஎல்சி என்று பெட்டியில் போடவில்லை என்பதுதான் நிறுவனத்துக்கு வசதியாக இருந்தது.

நீலக்கருமை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையின் இணைப்பை அவருக்கு அனுப்பவில்லை, அப்படி அனுப்பினால் மிரட்டுவதுபோல் இருக்கும் என்று தோன்றியது. கோடு பிரிகிற படத்தை மட்டும் இணைத்து, "இது நல்ல கட்டையா கெட்ட கட்டையா என்று நான் வாதிடவில்லை. தெரிந்த மாதமே கேட்டிருந்தால் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு நீளமாக ஒரு கடிதம். தோல்பை அண்ணன் சொன்னது அச்சு அசலாக அதில் இருந்தது: முன்பணம் எபோனைட் கம்பி வாங்கியதில் போய்விட்டது, பாதிப்பேர் விலகினால் மீதிப் பேனாவைக் கடையவே முடியாது என்று பயந்தாராம். உடலுக்கு வாங்கிய கம்பியிலேயே மிச்சம் இருக்கிறது, அதிலிருந்து கட்டையை ஒவ்வொன்றாக அறுத்துத் தருகிறேன், மெதுவாகத்தான் வரும் என்றார். அல்லது பேனாவை அனுப்பிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதே தேர்வை வாங்கிய எல்லோருக்கும் எழுதிவிட்டதாகவும் சொன்னார். விற்பனைப் பக்கத்திலும் "கட்டை: பிளாஸ்டிக், எபோனைட் தனியாகக் கேட்டுப் பெறலாம்" என்று மாறியிருக்கிறது, நேற்றுப் பார்த்தேன்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு கட்டைக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். ஆனால் அவரிடம் இன்னொரு முறை முன்பணம் கட்டுவேனா என்று கேட்டால், இப்போதைக்கு மாட்டேன். செய்து முடித்ததாக இருந்தால், பார்த்து வாங்குவேன்.

பாதசாரி

மதிப்புரை என்ன எழுதப்போகிறீர்கள்? நன்றாக நடந்துகொண்டார் என்று எழுதினால் முதலில் நடந்தது மறைந்துவிடும். முதலில் நடந்ததை மட்டும் எழுதினால் அவருக்கு அநியாயம்.

நீலக்கருமை

இரண்டையும் எழுதுவேன், தேதியோடு. எந்த மாதத்துக்குப் பிறகு அனுப்பிய பேனாவில் எந்தக் கட்டை வருகிறது, பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, கேட்டால் மாற்றித் தருகிறார் என்பது வரை. பழைய பேனாவுக்கு நான் எழுதிய மதிப்புரை ஒன்று ஏற்கனவே அங்கே இருக்கிறது. அதைப் படித்து வாங்குகிறவர்களுக்காக அதன் மேலேயும் ஒரு வரி சேர்க்கிறேன்: இது பழைய கட்டை வைத்த பேனாவுக்கு எழுதியது.